ஒன்பதாம் கூண்டு

அன்புள்ள சிவக்கொழுந்து,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் எட்டு மாதங்களைக் கடத்திவிட்டேன். இங்கு அனைவரும் நலம். மங்கையின் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. மற்றவற்றை நேரில் பேசிக்கொள்ளலாம். உனக்கு நான் சூட்டிய 'கைநடுங்கி' என்ற பட்டத்தை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் திரும்பப் பெற வேண்டியிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று நம் ஆய்வகத்தில் நீ ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸை மூளையில் செலுத்திய வெள்ளைச் சுண்டெலிகள் ஒவ்வொன்றாக மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, பின்கால்களை இழுத்துக்கொண்டு மடிந்தபோது, ஒன்பதாம் கூண்டில் ஓர் ஈற்றுக் குட்டிகளான இரண்டு மட்டும் மரத்தூளைக் கிளறித் தீனி தேடிக்கொண்டிருந்தன. ஊசி சரியாக இறங்கவில்லை என்று நான் தீர்ப்புச் சொன்னேன், நீ மறுத்தாய். குறிப்பேட்டில் 'ஊசிப் பிழை' என்று உன் கையாலேயே எழுதச் செய்து, இரண்டையும் குளோரோபார்ம் ஜாடிக்குள் போட்டவன் நான்.

சென்ற மாதம் ஒரு மாணவிக்காகப் பழைய ஆய்வுகளைப் புரட்டியபோது என் அவசரபுத்தி எனக்கே விளங்கியது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தில் லெஸ்லி வெப்ஸ்டர் 1930களில் அத்தகைய எலிகளைக் கொன்றுவிடவில்லை. எந்தக் குடும்பம் பிழைக்கிறது, எது மடிகிறது என்று பார்த்துத் தனித்தனியே இனம் பெருக்கி, செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சலைத் தாங்கும் எலி வழி (பரம்பரை) ஒன்றையும் தாங்காத வழியொன்றையும் உருவாக்கினார். நாம் போலியோ சொட்டு மருந்தோடு மட்டும் சேர்த்துப் படித்த சாபின், அவ்வகை எதிர்ப்பு பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதுமான ஒரே ஓங்கு மரபணுவின் வேலை என்று 1952-இல் காட்டினார். தாங்கும் எலிக்கும் தொற்று ஏற்படத்தான் செய்கிறது. ஆனால் மூளையில் வைரஸ் அவ்வளவாகப் பெருகுவதில்லை. அதுவும் இந்த மூளைக்காய்ச்சல் வைரஸ்கள், மேற்கு நைல் வைரஸ் போன்றவை அடங்கிய ஃபிளேவி வைரஸ் பேரினத்துக்கு எதிராக மட்டுமே. பிற வைரஸ்களுக்கு முன் அதுவும் சாதாரண எலிதான்.

அந்த மரபணுவைப் பிடிக்க மேலும் ஐம்பது ஆண்டுகள் ஆயின. 2002-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனக் குழுவும் அட்லாண்டாவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகக் குழுவும் தனித்தனியே ஐந்தாம் குரோமோசோமிலுள்ள ஓஏஎஸ்1பி என்ற மரபணுவுக்கு வந்து சேர்ந்தன. நோய்க்கு ஆளாகும் எலிகளில், மரபணுவின் எழுத்து வரிசையில் 'சி' இருக்க வேண்டிய ஓரிடத்தில் 'டி' வந்து, புரதம் கட்டுவதை நிறுத்தச் சொல்லும் குறியாகிவிடுவதால், புரதம் தன் வாற்பகுதியில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை இழந்து குறையாக நின்றுவிடுகிறது.

இனிமேல்தான் என்னைத் தூங்கவிடாத செய்தி. அந்தப் பழுது நாம் நம்பியிருந்த ஆய்வக வழிகளில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. காட்டுச் சுண்டெலிகளிலிருந்து வந்த வழிகளிலோ மரபணு பெரும்பாலும் முழுமையாக இருக்கிறது. மேற்கு நைல் வைரஸுக்கு ஆய்வக எலி சாக, காட்டு வழி எலி பிழைத்துக்கொள்கிறது. "சுண்டெலி இதற்குச் சாகும்" என்று இத்தனை ஆண்டுகள் வகுப்பில் அடித்துச் சொன்னேனே, நான் சொன்னது சுண்டெலியைப் பற்றியா, கூண்டில் பல தலைமுறை அடைந்து கிடந்த ஒரு குறைபாட்டைப் பற்றியா? மாணவி இதையே கேட்டாள். தேநீர் வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் சிரித்தே கொன்றிருப்பாய்.

பச்சை அட்டைக் குறிப்பேடு உன் பரணில்தான் இருக்கும். அந்த வரியை அடித்துவிட்டு, 'காரணம் தெரியவில்லை' என்று எழுதி, என் பெயரையும் இன்றைய தேதியையும் போட்டு வை. ஊசி உண்மையிலேயே இறங்காமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. முழுவதுமாக விட்டுக்கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அன்புடன்,
ஞானம்