நரகாசுரனும் ஞாயிற்றுக்கிழமையும்

சென்டாய், ஜப்பான்,
25.1.2026

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கணுப் பொங்கலன்று வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டுப்பட்டிருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த உன் வீட்டுக்காரர் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டுகிறார் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பத்தியை மட்டும் இவருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். "யாருக்காக வாசிக்கிறாய் என்று தெரிகிறது" என்று சொல்லிவிட்டுக் கைபேசிக்குள் புகுந்துகொண்டார்.

கடைசியில் ஒரு குத்தல் வைத்திருக்கிறாய். "தீபாவளியையே தள்ளிப் போட்டீர்களாமே, நரகாசுரன் லீவு நாள் பார்த்தா செத்தான்?" சிரித்தேன். ஆனால் பதில் சொல்லாமல் விடுவதாக இல்லை.

தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. ஜப்பானில் ஆண்டுக்கு 16 பொது விடுமுறைகள். கிறிஸ்துமசுக்கே விடுமுறை கிடையாது, நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது? அன்று விடிவதற்கு முன்பே எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், அதை மாற்றவில்லை. (இங்கே சாதாரணமாகக் கிடைக்கிற நல்லெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. தலையில் தேய்த்தால் நாள் முழுக்கத் தாளிப்பு வாசனையோடு திரிய வேண்டும். வறுக்காத எள்ளில் எடுத்த வெளிர் எண்ணெய் ஒன்று உண்டு, விலை கொஞ்சம் கூடுதல். அதைத்தான் வாங்குகிறோம்.) குளித்த கையோடு இவர் ஆய்வகத்துக்கு, பையன் பள்ளிக்கு, நான் வேலைக்கு. புதுத்துணி, பலகாரம், மத்தாப்பு எல்லாம் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை.

மத்தாப்புக்கும் ஒரு முன்யோசனை வேண்டும். இந்த நாட்டில் வாணவேடிக்கை கோடைகாலத்துச் சமாச்சாரம். ஜூலை, ஆகஸ்டில் சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே கைமத்தாப்புப் பொட்டலங்கள் தொங்கும். அக்டோபரில் போய்க் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதனால் ஆகஸ்டிலேயே வாங்கி, ஈரம் படாமல் அலமாரி மேல்தட்டில் வைத்துவிடுவேன். வெடிக்கு வழியே இல்லை. புறநகரில் தோட்டத்தோடு வீடு எடுத்திருக்கும் நண்பர் குடும்பத்தின் வாசலில், வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கொளுத்துவோம். எரிந்த குச்சியை அந்த வாளியில் போட வேண்டும், தரையில் ஒன்றுகூட விழக் கூடாது. நம் தெருவில் மறுநாள் காலை கிடக்கும் காகிதக் குப்பையை நினைத்துக்கொள்வேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பண்டிகையைத் தள்ளிப் போடுவதில் இந்த ஜப்பான்காரர்களுக்கு முன்னால் நானெல்லாம் ஒன்றுமே இல்லை. 1872 வரை இவர்களும் சந்திரனைப் பார்த்து மாதம் எண்ணியவர்கள்தாம். அந்த ஆண்டு அரசாங்கம் ஆங்கில நாட்காட்டிக்கு மாறுவதென்று முடிவு செய்தது. பழைய கணக்கில் பன்னிரண்டாம் மாதம் இரண்டாம் தேதி இரவு தூங்கப் போனவர்கள், விழித்தபோது 1873 ஜனவரி 1. அந்த மாதத்தில் மிச்சமிருந்த நாட்கள் அப்படியே காணாமல் போயின. வரவிருந்த ஆண்டில் ஓர் அதிக மாதம் வர வேண்டியிருந்தது, அதையும் கழித்துவிட்டதில் அரசுக்குப் பதின்மூன்றாவது சம்பளம் மிச்சம். உன் வீட்டுக்காரரிடம் இதைச் சொல், கருவூலத்தில் இருந்தவர் ரசிப்பார்.

பண்டிகைகள் பாடுதான் திண்டாட்டம். புத்தாண்டு அப்படியே ஜனவரி 1க்கு நகர்ந்துவிட்டது. பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருநாளுக்கு மார்ச் 3 என்ற எண் மட்டும் மிஞ்சியது. அந்த வைபவத்துக்குப் பெயர் கொடுத்த பீச் மரமோ பல ஊர்களில் அன்றைக்குப் பூத்திருக்காது. ஏழாம் மாதம் ஏழாம் நாள் வரும் தனபாட்டாவின் கதை இன்னும் வேடிக்கை. ஆகாயகங்கையின் இரு கரையில் பிரிந்து கிடக்கும் நெசவுப் பெண்ணும் மாடு மேய்ப்பவனும் ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கும் இரவு அது. புதிய கணக்கில் ஜூலை 7 என்றால் நட்ட நடு மழைக்காலம், நட்சத்திரத்தை எங்கே பார்ப்பது? சென்டாய்க்காரர்கள் யோசித்து, ஒரு மாதம் தள்ளி ஆகஸ்ட் 6 முதல் 8 வரை வைத்துக்கொண்டார்கள். இன்று அதுதான் இந்த ஊரின் பெரிய திருவிழா. கடைவீதியின் கூரைக்குக் கீழே பெரிய பெரிய மூங்கில்களில் காகித உருண்டை கட்டி, அதிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலான காகித ஜாலர்கள் தொங்கும். கூட்டத்தோடு கூட்டமாக அதற்குள் தலையை நுழைத்து நுழைத்துத்தான் நடக்க வேண்டும்.

நீத்தார் வீட்டுக்கு வந்து போகும் ஓபோன் நாட்களை டோக்கியோவில் பலர் ஜூலையில் வைத்துக்கொள்கிறார்கள். நாட்டின் பெரும்பகுதியில் ஆகஸ்ட் நடுவில். ஒகினாவாவில் இன்னும் பழைய சந்திரக் கணக்குதான். எந்தத் தேதியில் வருவதென்று முன்னோர்கள் குழம்ப மாட்டார்களா என்று இங்கே எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அப்படியிருக்க, ஆறு நாள் தள்ளியதற்கு என்னை மட்டும் கூண்டில் ஏற்றுகிறாயே, நியாயமா?

ஆனால் உன்னிடம் சொல்வதற்கென்ன, நாள் தள்ளிப்போவது எனக்கு ஒரு குறையே இல்லை. மன்னார்குடியில் தீபாவளி நம்மைக் கேட்டுக்கொண்டா வந்தது? எதிர்வீட்டுச் சரவெடிதான் எழுப்பியது. எழுந்திருக்க மனமில்லாவிட்டாலும் தெரு விடாது. இங்கே நான் ஆரம்பித்தால்தான் பண்டிகை, நான் உட்கார்ந்துவிட்டால் அது வெறும் திங்கட்கிழமை. டோக்கியோவில் இருந்தபோது, எடோகாவா வார்டில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் நிஷி கசாயிக்குப் போவோம். மண்டபம், மேடை, குழந்தைகளின் நடனம், சாப்பாட்டுக்கு வரிசை. குறை சொல்லவில்லை, பாவாடை தாவணி கட்டிக்கொள்ள ஓர் இடமாவது கிடைத்தது. ஆனால் வாடகை நேரம் முடிந்ததும் நாற்காலியை மடித்து அடுக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். மைக்கில் "பண்டிகை வாழ்த்துகள்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குப் பள்ளி ஆண்டு விழா ஞாபகம்தான் வரும்.

சென்டாய்க்கு வந்த பிறகு, இந்த ஊர்க்காரர்களின் தெருவில் போய் நிற்பது என்று முடிவு செய்துகொண்டேன். இலையுதிர்காலத்தில் இங்கே ஆற்றங்கரையில் பெரிய பானை வைத்துக் கிழங்குக் குழம்பு காய்ச்சுவார்கள். கிழங்கு என்றால் சாட்சாத் நம் சேப்பங்கிழங்கு! அந்தப் பருவத்தில் கடைவாசலில் விறகுக் கட்டு அடுக்கி விற்பார்கள், பானைகூட இரவல் கிடைக்கும். இந்த ஊர் முறை, மிசோ என்னும் புளித்த சோயா விழுதும் பன்றி இறைச்சியும். பக்கத்து யமகட்டாவில் சோயா சாஸும் மாட்டிறைச்சியும். எது அசல் என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. எனக்கு இரண்டும் ஆகாது என்பதால், ஆய்வகத்துப் பிள்ளைகள் மீன் சாறுகூடச் சேர்க்காமல் ஒரு சின்னப் பாத்திரத்தில் தனியே காய்ச்சித் தந்தார்கள். பதிலுக்கு நான் சேப்பங்கிழங்கு வறுவலும் தீபாவளி மருந்தும் கொண்டுபோயிருந்தேன். வறுவல் பறந்துவிட்டது. மருந்தை ஒரு பையன் நக்கிப் பார்த்துவிட்டு, "இது எதற்குத் தண்டனை?" என்று பணிவாகக் கேட்டான்.

கீழ்வீட்டு அம்மாளைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன் அல்லவா? எண்பதை நெருங்குகிறவர். முறுக்கு கொடுத்தனுப்பிய பாத்திரத்தை ஒரு நாளும் வெறுமனே திருப்பித் தந்ததில்லை. செப்டம்பரில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளை ஒட்டிய ஒரு வாரம் இவர்கள் கல்லறைக்குப் போய் முன்னோரை வணங்குவார்கள். அப்போது சோற்று உருண்டையைச் சிவப்புப் பயற்று இனிப்பு விழுதால் பொதிந்து செய்வார்கள். அதில் கொஞ்சம் கொண்டுவந்து தந்தார். மறுநாள் 21ஆம் தேதி மகாளய அமாவாசை. அண்ணன் வேதாரண்யத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பதாகப் போன் செய்தான். அப்பா படத்துக்கு முன்னால் அந்த உருண்டைகளையே வைத்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் கடைசி வருடங்களில் இனிப்பைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தோம்.

போகியைத்தான் உனக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த ஆண்டு போகி ஜனவரி 14. சென்டாயில் அதே தேதியில் தொன்தோசாய் என்று ஒன்று, ஆண்டுதோறும். புத்தாண்டுக்கு வாசலில் கட்டிய வைக்கோல் பிரி, போன வருடத்துத் தாயத்து, வேண்டுதல் பொம்மை எல்லாவற்றையும் கோயிலில் மலைபோலக் குவித்துக் கொளுத்துவார்கள். நாங்கள் போனது ஒசாகி ஹச்சிமான் கோயில், 1607இல் இந்தப் பகுதியை ஆண்ட தாத்தே மசமுனே கட்டியது. மேலே போக நீளமான கற்படிகள். கீழ்வீட்டு அம்மாளால் ஏற முடியாது, தம் வீட்டுப் பிரியையும் பழைய பொம்மையையும் காகிதப் பையில் போட்டு எங்களிடம் தந்தார். பிளாஸ்டிக்கைத் தீயில் போடக் கூடாது என்பதால், பிரியில் செருகியிருந்த பிளாஸ்டிக் ஆரஞ்சைப் பையன் பிய்த்தெடுத்துவிட்டுத்தான் போட்டான்.

வைக்கோல் பற்றியதும் வந்த வாசனை, அறுவடை முடிந்த வயலின் அதே வாசனை. முகம் காய்கிறது, முதுகு விறைக்கிறது. இந்தத் தீயில் குளிர்காய்ந்தால் வருடம் முழுக்க நோய் அண்டாது என்பார்கள், அதனால் கிழவர்களெல்லாம் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தக் குளிரில் வரிசை வரிசையாக ஆட்கள் நடந்து வருகிறார்கள், மேலுக்குச் சட்டையில்லை. இடுப்பிலும் வயிற்றிலும் வெள்ளைத் துணி, காலில் வைக்கோல் செருப்பு, ஒரு கையில் மணி, மறு கையில் விளக்கு. பேசிவிடக் கூடாது என்பதற்காக வாயில் ஒரு காகிதத்தைக் கவ்வியிருப்பார்கள். அந்தக் காலத்தில் சாராயம் காய்ச்சுகிறவர்கள் தங்கள் தொழில் நல்லபடியாக நடக்க வேண்டிக்கொண்டு தொடங்கிய வழக்கமாம். நம் போகிக்குக் கொட்டு, இவர்களுக்கு மணிச் சத்தம் மட்டும். "அம்மா, நாமும் பாயைக் கொண்டுவந்திருக்கலாமே" என்றான் பையன். அவன் போகியன்று பாய் எரிவதைப் பார்த்ததே இல்லை, நான் சொன்ன கதைதான்.

மறுநாள் வியாழக்கிழமை பொங்கல். சூரியன் வர ஏழு மணி ஆகிவிடும், அது ஒரு வசதி. வீட்டில் இருப்பது இண்டக்ஷன் அடுப்பு, அம்மா கொடுத்த வெண்கலப் பானையை அது ஏறிட்டும் பார்க்காது. ஆனால் குளிர்காலத்தில் மேசை மேல் வைத்துச் சமைக்க, சின்ன எரிவாயு டப்பா செருகும் அடுப்பு இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அதைக் கிழக்கு ஜன்னலோரம் வைத்துப் பானையை ஏற்றினேன். அரிசி இந்த மாகாணத்து சசானிஷிக்கி, ஜப்பான் அரிசியில் பசை குறைவானது. வெல்லத்துக்கு ஒகினாவாவின் கருப்புச் சர்க்கரைக் கட்டி. அதில் லேசாக ஓர் உப்புக் கரிப்பு உண்டு, முந்திரியும் ஏலமும் போட்டால் தெரியாது. கரும்பும் மஞ்சள் கொத்தும் இல்லாமல்தான் போயிற்று. பால் பொங்கியபோது மூன்று பேரும் கத்தினோம். கீழ்வீட்டு அம்மாள் என்னவோ ஏதோவென்று மேலே வந்துவிட்டார். வாசலில் போட்டிருந்த கோலத்தை மிதிக்காமல் சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கி வந்தார். சர்க்கரைப் பொங்கலை விரும்பிச் சாப்பிட்டார், மிளகு போட்ட வெண்பொங்கலுக்குத்தான் முகம் சுளித்தார்.

கணுவுக்குக் காகப் பிடி வைக்க முடியவில்லை. காகத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை, கோழி அளவுக்கு இருக்கும். குப்பைப் பையைக் கிழித்துவிடும் என்று வலை போட்டு மூடி வைக்கிறார்கள். அதற்குப் போய்ச் சோறு வைத்தால் குடியிருப்பில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். ஜன்னலின் உட்புறம் ஒரு தட்டில் வைத்து அண்ணனை நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இனி பிப்ரவரி 3 செட்சுபுன். வறுத்த சோயாவை வீசிப் பேயை விரட்டிவிட்டு, நம் வயதுக்கு எத்தனையோ அத்தனை பயறு எண்ணித் தின்ன வேண்டும். வருடா வருடம் பல்லுக்கு வேலை கூடிக்கொண்டே போகிறது. அடுத்து மார்ச்சில் பொம்மைத் திருநாள். சிவப்புத் துணி விரித்த படிகளில் அரசனும் அரசியும் பரிவாரமும், அசப்பில் நம் கொலு. நாள் முடிந்ததும் சீக்கிரம் எடுத்து வைக்காவிட்டால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்பார்கள். வரன் பேச்செடுத்தாலே எழுந்து போகும் உன் மகளிடம் இதைச் சொல்லாதே, மாசி முழுக்கப் பொம்மையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு அந்த பெங்களூர் வேலை அமைந்ததா? நீ எழுதவே இல்லையே.

பார்சல் அனுப்பப்போவதாக எழுதியிருந்தாய். மாவிலை, மஞ்சள் கிழங்கு, விதை எதுவும் வேண்டாம், தாவரப் பரிசோதனையில் எடுத்துவிடுவார்கள். அப்பளம், வத்தல் போதும். முடிந்தால் கடைத்தெருவில் தேன்குழல் அச்சு ஒன்று வாங்கி வை. பித்தளைதான் வேண்டும், அலுமினியம் வேண்டாம். சுங்கப் படிவத்தில் "சமையல் பாத்திரம்" என்று மட்டும் எழுது.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
உமா