போர் போடலாமா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள மாதையனுக்கு,

நலம். உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. மனையில் முதலில் ஆழ்துளைப் போர் போட்டுவிடலாமா, ஊர்த் தண்ணீர் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். முப்பது வருடம் கோவையில் சிறுவாணி குடித்தவனுக்கு எதையாவது எழுதி அனுப்பிவிட்டுப் பிறகு உன்னிடம் வசவு வாங்க எனக்குத் தெம்பில்லை. அதனால் விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் எடுத்த புகைப்படம் உன்னிடம் இருக்கிறதா? என்னிடம் இருப்பதை நேற்று எடுத்துப் பார்த்தேன். ஒருவன்கூடப் பல் தெரியச் சிரிக்கவில்லை. உனக்கு முன்பற்களில் மஞ்சள் பட்டை, எனக்குப் பழுப்பு. வேப்பங்குச்சியால் ஈறு கிழியத் தேய்த்தோம், செங்கல் தூள்கூடப் போட்டுப் பார்த்தோம். மேலே படிந்த கறையாக இருந்தால் அல்லவா தேய்த்துப் போகும்? எட்டு வயதுக்குள், பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே, குடித்த தண்ணீரிலிருந்த புளோரைடு என்னும் உப்பால் எனாமலில் ஏறிவிட்ட குறை அது. பெண் பார்க்கப் போனபோது நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை அடக்கம் என்று என் மாமனார் எடுத்துக்கொண்டார். இன்றுவரை அவருக்கு உண்மை தெரியாது.

நாம் குடித்தது கெட்ட தண்ணீர் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்போம். கோயில் கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு ருசி. துவரம்பருப்பு அதில்தான் குழையக் குழைய வேகும் என்று அம்மா இரண்டு தெரு தள்ளிப் போய் இடுப்பில் குடம் சுமந்து வருவார். இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நம் காலடியில் இருப்பதெல்லாம் கருங்கல் பாறை. அந்தப் பாறையின் கனிமங்களில் புளோரைடு இருக்கிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது புளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கரைய விடாது. கால்சியம் குறைந்த, காரத்தன்மை ஏறிய தண்ணீரில்தான் பெரும்பாலும் அதிகமாகக் கரையும். கால்சியம் நிறைந்ததால் பருப்பு வேகாத உப்புக் கிணற்றைத் திட்டிவிட்டு, பருப்பு நன்றாக வெந்த கிணற்றைத் தேடிப் போனோம்.

அம்மாவுக்கு ஐம்பது வயதிலேயே கழுத்தைத் திருப்ப முடியாமல் போனது உனக்கு நினைவிருக்கும். யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். குடம் சுமந்த பாரம் என்றோம், வயது என்றோம். அது தண்ணீரின் வேலைதான் என்று இப்போது அடித்துச் சொல்ல என்னால் முடியாது, எந்த மருத்துவரும் அன்றைக்குப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் பல வருடம் புளோரைடு ஏறினால் எலும்பும் மூட்டும் இறுகும் என்று படித்த நாளிலிருந்து அந்தக் குடம் கண்ணிலேயே நிற்கிறது.

கிணறுகள் வற்றிய பிறகு வந்த போர்கள் நிலைமையை இன்னும் மோசமாக்கின. ஆழத்தில் பல காலம் பாறையோடு கிடந்து ஊறிய தண்ணீர் அல்லவா மேலே வருகிறது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உனக்குத் தெரியும். 2008இல் கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பி, இங்கே சென்னையில் சினிமாக்காரர்கள் உண்ணாவிரதம் இருந்ததெல்லாம் நடந்த பிறகு, ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013இல் தொடங்கினார்கள். திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் (புளோரைடால் பல்லும் எலும்பும் கெடுவது) தணிப்பு என்று சேர்த்திருக்கிறார்கள். காவிரித் தண்ணீர் நம் தெருக்குழாயில் வந்த அன்று நான் இரண்டு சொம்பு குடித்தேன். மனைவி திட்டினாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஆற்றுத் தண்ணீர் ஊருக்கு முழுவதும் போதாத நாள்களில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் கலக்கிறார்கள். எந்த நாள் எவ்வளவு கலக்கிறார்கள் என்று கேட்டால் தண்ணீர் திறந்துவிடும் தம்பி சிரிக்கிறான். பேத்திக்கு ஐந்து வயது, பல் முளைத்து விழும் வயது. பயம் வந்துவிட்டது. குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில், நம் பழைய வீட்டுப் போர் தண்ணீர் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு போய் ஆய்வகத்தில் கொடுத்தேன். லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு வரைதான் ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது நம் நாட்டுத் தரம். குழாய்த் தண்ணீர் ஒன்றுக்குள் நின்றது. போர் தண்ணீர் ஒன்றரையைத் தாண்டிவிட்டது. இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு குடித்துப் பார்த்தால் எனக்குப் போர் தண்ணீர்தான் பிடிக்கிறது!

நாக்கை விடு, மீட்டரும் அப்படித்தான். தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்ஓ இயந்திரம் விற்க ஒருவர் வந்தார். பேனா போன்ற டிடிஎஸ் மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் விட்டு, "பாருங்கள் சார், விஷம்" என்றார். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து மொத்த உப்பைக் கணக்கிடும் கருவி. அறுநூறு மில்லிகிராம் உப்புக்குள் இரண்டு மில்லிகிராம் புளோரைடு ஒளிந்திருந்தால் அது என்ன கண்டது? ஆர்ஓ புளோரைடை எடுத்துவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு குடம் சுத்தம் செய்ய ஒன்றிரண்டு குடத்தைச் சாக்கடையில் விடும். நம் ஊரில் அது அடுக்குமா? காய்ச்சிக் குடித்தால் போதும் என்று நினைத்துவிடாதே. காய்ச்சினால் கிருமிதான் சாகும். தண்ணீர் சுண்டச் சுண்ட மிச்சத்தில் புளோரைடின் அடர்த்தி கூடும். (தேயிலையிலும் புளோரைடு உண்டு. ஒரு நாளைக்கு ஏழு டீ குடிப்பவனுக்கு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

குழாய்த் தண்ணீரில் வேறொரு தொல்லை உண்டு. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் திறக்கிறார்கள். குழாய் காலியாக இருக்கும் நேரத்தில், விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். போன மழையில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. அதனால் முதலில் வரும் கலங்கலைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்கிறோம், அடுத்து வருவதைத்தான் காய்ச்சிக் குடிக்கிறோம். பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தால் தெருவே முகம் சுளிக்கும். எனக்கு அந்த வாசனை வராத நாளில்தான் கவலை. கடைசி வீட்டுக் குழாயிலும் 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது கணக்கு.

ஆகவே போர் போடு, வீடு கட்டவும் குளிக்கவும் தோட்டத்துக்கும். குடிக்க வேண்டாம், எவ்வளவு இனித்தாலும் வேண்டாம். அஸ்திவாரம் தோண்டும் முன்பே குடிநீர் இணைப்புக்கு மனு கொடுத்துவிடு, இழுத்தடிப்பார்கள். பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வந்தால் சமையலுக்கும் குழாய்த் தண்ணீர்தான் என்று உன் மனைவியிடம் இப்போதே சொல்லிவை.

ஆடிப் பெருக்குக்கு நீ வந்தால் ஒகேனக்கல் போய் வரலாம். வரும்போது சிறுவாணி ஒரு பாட்டில் கொண்டு வா. முப்பது வருடமாக நீ பீற்றிக்கொள்ளும் தண்ணீரையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
முனிரத்தினம்