அடிபட்ட முயலுக்குத் தீவனத்தைக் கூட்டித் தர ஏன் மறுக்கிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"முயல் எலும்பும் தோலுமா கிடக்கு, பெல்லட் கேட்டா புல்லைக் கட்டிக் கொடுத்து அனுப்புறாங்க" என்று நம் தீவனக் கடையைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடிபட்டு மெலிந்த முயலுக்குக் கூடுதல் பெல்லட் (குச்சி குச்சியாக அழுத்திய தீவனம்) கொடுக்க மறுத்தது உண்மைதான். லாபத்துக்காகப் புல்லைத் தள்ளிவிடுகிறோம் என்று பேசுவதுதான் மனதைச் சுடுகிறது. எங்களுக்கு நாலு காசு அதிகமாக நிற்பது பெல்லட்டில்தான், புல்லில் இல்லை.

அடிபட்ட முயலுக்கு வலியாலும் மிரட்சியாலும் குடல் ஓட்டம் மந்தமாகிவிடும். அந்த நேரத்தில் கூடுதல் பெல்லட்டால் மாவுச்சத்து அதிகம் உள்ளே போனால் வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகி வயிறு உப்பும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. குடலை மறுபடி ஓட வைப்பது நீளமான நார்தான். அதனால் காய்ந்த புல் எந்நேரமும் முன்னால் கிடக்க வேண்டும். சோறு, ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம் கொடுத்து எடை ஏற்றப் பார்க்காதீர்கள்.

வளர்ந்த முயலுக்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் பெல்லட் போதும். 2 கிலோ முயலென்றால் 50 கிராம். புழுக்கை பழையபடி உருண்டையாக, நிறைய விழ ஆரம்பித்த பிறகு, மூன்று நாளைக்கு ஒருமுறை 5 கிராம் வீதம் கூட்டலாம். புழுக்கை சிறுத்தாலோ இளகினாலோ முந்தைய அளவுக்கே திரும்புங்கள். சதை பிடிக்க, புல்லில் மூன்றில் ஒரு பங்கு காய்ந்த குதிரைமசால் என்ற தீவனப்பயிரைக் கலக்கலாம். புரதத்தோடு சுண்ணாம்புச் சத்தும் அதில் அதிகம் என்பதால், எடை வந்ததும் குறைத்துவிட வேண்டும். பச்சைக்கு அருகம்புல், கொத்தமல்லி நல்லது. சவுண்டல் (சூபாபுல்) தழை வேண்டாம்.

பலர் கவனிக்காத ஒன்று, காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு. முயல் தன் மெத்தென்ற கொத்துப் புழுக்கையை ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்னும். புரதமும் பி வைட்டமின்களும் அதில்தான் திரும்பக் கிடைக்கின்றன. கூம்பு மாட்டியிருந்தாலோ, முதுகில் அடிபட்டு வளைய முடியாவிட்டாலோ அது கிடைக்காமல் போய், எவ்வளவு தின்றாலும் மெலியும். காயத்துக்குக் கூம்பு அவசியம்தானா, கொஞ்ச நேரம் கழற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தரையில் விழுந்த கொத்துப் புழுக்கையைக் கிண்ணத்தில் வைத்தால் பெரும்பாலும் தின்றுவிடும்.

பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் எங்களிடம் வராதீர்கள், நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். வலி தீராமல் எந்தத் தீவனமும் இறங்காது. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள், முயலின் உயிருக்கே ஆபத்து.

மருத்துவர் சொன்னால் மட்டும் சிரிஞ்சில் ஊட்டலாம். மீட்புத் தீவனப் பொடியை (தானாகத் தின்னாத முயலுக்கான தூள் தீவனம்) வெதுவெதுப்பான நீரில் கரைத்து, முயலின் கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லி, நான்கைந்து தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். முன்பற்களுக்குப் பின்னுள்ள இடைவெளியில், பக்கவாட்டில் அரை மில்லி விட்டு, மென்று விழுங்கும்வரை காத்திருங்கள். மல்லாத்திப் பிடித்தால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிறு கல்லுப்போல் இறுகியிருந்தால் ஊட்டவே கூடாது.

இறக்குமதிச் செலவு ஏறியதால் திமோத்தி என்ற காய்ந்த புல் இந்த மாதம் முதல் கிலோவுக்கு 60 ரூபாய் கூடுகிறது. ஞாயிறு வீட்டு விநியோகமும் இனி இல்லை.

செய்தியைப் பார்த்தும் நம்மைக் கைவிடாமல், நேரில் வந்து விவரம் கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் நம்பிக்கையில்தான் இந்தக் கடை ஓடுகிறது. தினமும் காலையில் தீவனத்துக்கு முன், சமையலறைத் தராசில் கூடையோடு வைத்து முயலின் எடையைக் கிராமில் குறித்து வையுங்கள். கடைக்கு வரும்போது அந்தக் குறிப்பையும் எடுத்து வாருங்கள். பார்த்து, தேவையான அளவு பெல்லட்டை நிறுத்துத் தருகிறோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்