நீ அனுப்பிய பெட்டியைப் பிரித்தோம்

நாகர்கோவில்,
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் குடல் கேன்சருக்கு என்று நீ டொரன்டோவிலிருந்து அனுப்பிய பெட்டி வியாழக்கிழமையே வந்துவிட்டது. அம்மா டேப்பை வெட்டி, ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தாள். மஞ்சள் மாத்திரை, முள்சீத்தா இலைப் பொடி, ஆப்ரிகாட் பருப்பு, கோதுமைப்புல் தூள், வைட்டமின் டப்பா, அடியில் மாப்பிள்ளை வைத்த கம்பளிக் கையுறை. கூடவே நீ கைப்பட எழுதிய ஜூஸ் அட்டவணை, காலை ஆறு மணி முதல் ராத்திரி எட்டு வரை. அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். போனில் இதைப் பேச எடுத்தால் நீயும் அழுகிறாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கீமோவால் விரல் நுனியெல்லாம் மரத்திருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

இதுவரை உன்னிடம் மறைத்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மலத்தில் ரத்தம் வர ஆரம்பித்தது ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்னால் என்று சொல்லியிருந்தேன். உண்மையில் ஆறு மாதம். மூலம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, ஒருவர் கொடுத்த சூரணத்தை நாலு மாதம் மோரில் கலக்கிக் குடித்தேன். நடுவில் ரத்தம் நின்றது. மருந்து கேட்கிறது என்று நம்பிவிட்டேன். குடலில் இருக்கும் கட்டி விட்டு விட்டுத்தான் கசியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஹீமோகுளோபின் 8க்கு இறங்கி, மாடிப்படி ஏற மூச்சு வாங்கிய பிறகுதான் கேமரா விட்டுப் பார்த்தோம். எடுத்த 18 நிணநீர் முடிச்சுகளில் 5இல் பரவியிருந்தது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த நாலு மாதம் என்னை இன்னும் தூங்க விடவில்லை, மக்களே. நீ அனுப்பியதில் ஒன்றைக்கூடக் கேட்காமல் வாயில் போடக் கூடாது என்று நான் இருப்பது அதனால்தான்.

எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டு வெள்ளிக்கிழமை திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கே எடுத்துப் போனேன். டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். வைட்டமின் டப்பாவில் அவர் விரல் நின்றது. அதில் போலிக் ஆசிட் இருக்கிறது. நான் சாப்பிடும் கேப்சிடபைன் என்ற கீமோ மாத்திரையோடு போலிக் ஆசிட் சேர்ந்தால் மாத்திரையின் விஷம் கூடும். உள்ளங்கை வெடிப்பும் வயிற்றுப்போக்கும் தாங்க முடியாமல் போகலாம். சத்துக்கு என்று நாம் கொடுக்கும் சாதாரண மாத்திரை! மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கலாம், எனக்கு இப்போது ஆகாது.

ஆப்ரிகாட் பருப்பைப் பற்றி நானே சொல்கிறேன். வீட்டில் மரச்சீனிக் கிழங்கு அவித்தால் அம்மா அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவாள், ஞாபகம் இருக்கிறதா? கிழங்குத் தோலைத் தின்ற ஆடு செத்துப்போன கதையை உன் ஆச்சி சொல்வாள். கிழங்கில் இருக்கும் பொருளும் இந்தப் பருப்பில் இருக்கும் பொருளும் ஒரே குடும்பம். இரண்டும் உடம்புக்குள் சயனைடாக மாறும். இதை 'வைட்டமின் பி17' என்று விற்கிறார்கள். அப்படி ஒரு வைட்டமினே கிடையாது. அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1982இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்கும் குணமாகவில்லை, சிலருக்கு ரத்தத்தில் சயனைடு ஏறியதுதான் மிச்சம். அதைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன்.

முள்சீத்தாவை நம் பக்கத்தில் முள்ளாத்தா என்பார்கள். கேன்சர் என்று கேள்விப்பட்டதும் அந்த இலையோடு வந்தவர்கள் மூன்று பேர், லட்சுமி தரு இலையோடு இரண்டு பேர். கண்ணாடித் தட்டில் வளர்க்கும் செல்களை அதன் சாறு கொல்வது உண்மைதான். மனிதருக்குள் அதே வேலையைச் செய்ததாக யாரும் காட்டவில்லை. குவாதலூப் என்ற தீவில் இந்தப் பழமும் இலைக் கஷாயமும் வழக்கமாகச் சாப்பிடுகிறவர்களிடம் நடுக்குவாதம் போன்ற நோய் கூடுதலாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். என் நரம்பு ஏற்கெனவே பாதி மரத்துக் கிடக்கிறது. மஞ்சள் குழம்பில் இருக்கிறது, அது போதும். மாத்திரையாகச் செறிவாக்கிச் சாப்பிட்டுச் சிலருக்கு ஈரல் பாதித்திருக்கிறது.

ஜூஸ் அட்டவணைதான் எனக்கு ரொம்ப நேரம் மனதில் நின்றது. எவ்வளவு தேடிப் படித்து எழுதியிருப்பாய் என்று தெரிகிறது. ஆனால் குடலை வெட்டித் தைத்தவனுக்கு முதல் சில வாரம் நாரே கூடாது என்றார்கள். குழைந்த கஞ்சி, தெளிந்த ரசம், மட்டிப்பழம், இவ்வளவுதான். இப்போது கீமோவில் வெள்ளணு இறங்கும் நாட்களில் வேகவைக்காத எதுவும் வேண்டாம் என்கிறார்கள். 'சர்க்கரை கேன்சருக்குத் தீனி' என்று எழுதியிருந்தாய். உடம்பின் எல்லாச் செல்லுக்கும் அதுதான் தீனி. சோறே சாப்பிடாவிட்டாலும் ஈரல் நம் தசையைக் கரைத்துச் சர்க்கரை செய்துகொள்ளும். எனக்கு ஒன்பது கிலோ போனது அப்படித்தான். இப்போது 56 கிலோ. எடைக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்று உணவு ஆலோசகர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நாளைக்கு 70 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். மீதியை யோசித்துப் பார்.

அம்மா யோசித்துவிட்டாள். காலையில் சிறுபயறு கஞ்சியில் கருப்பட்டித் துண்டு, நடுவில் அவித்த முட்டை, மதியம் சாளை மீனோ அயிலை மீனோ காரம் குறைத்து, சாயங்காலம் பால், ராத்திரி இட்லியோடு பருப்பு. வாய் முழுக்க இரும்பு ருசி அடிக்கும் நாட்களில் எவர்சில்வர் கரண்டியை எடுத்துவிட்டுச் சிரட்டை அகப்பை தருகிறாள். குமட்டலுக்கு இஞ்சி கொஞ்சம் உதவுகிறது, மாத்திரைதான் நிறுத்துகிறது. ஆட்டிறைச்சியைக் குறைத்துக்கொண்டேன், சாசேஜ் மாதிரிப் பதப்படுத்திய இறைச்சி வீட்டுக்குள்ளேயே வராது. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது. பிள்ளைகளுக்கு டிபன் டப்பாவில் நீ வைக்கிறாயே, அதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்.

கையுறைக்கு மாப்பிள்ளையிடம் நன்றி சொல். பெட்டியில் வந்ததிலேயே அதைத்தான் தினமும் எடுக்கிறேன். ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றிய பிறகு ஐந்தாறு நாள் குளிர்ந்த எதையும் தொட முடியாது. மூன்றாவது தடவை முடிந்து வந்த அன்று மறதியாகப் பிரிட்ஜ் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டேன். தொண்டைக்குள் கண்ணாடிச் சில்லு இறங்கின மாதிரி, மூச்சே அடைத்துவிட்டது என்று பயந்துபோனேன். அதிலிருந்து என் தம்ளரை அம்மா பழைய வேட்டித் துணியால் சுற்றித் தருகிறாள், தண்ணீரும் வெதுவெதுப்பாக. இப்போது கையுறை போட்டுக்கொண்டு நானே மாவுப் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்கிறேன். அவளுக்கு ஒரு வேலை குறைகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ரயிலில் எனக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். அவருக்கும் குடல்தான், என்னைவிட ஆரம்ப நிலை. இரண்டாவது கீமோவுக்குப் பிறகு ஆளைக் காணவில்லை. ஜூஸ் மட்டும் கொடுத்துக் குணமாக்குகிறேன் என்ற ஒருவரிடம் போய்விட்டார். ஐந்து மாதம் கழித்து வந்தபோது ஈரலில் இருந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வைத்தியர் ஒரு மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாராம். ஆஸ்பத்திரியில் எங்கள் டோக்கனுக்குப் பின்னால் இருநூறு பேர் நிற்பார்கள், டாக்டருக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. பயந்தவன் தன்னிடம் பேசுகிறவரிடம்தான் போவான். ஆனால் 2018இல் யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட கணக்கை நீயும் தெரிந்துகொள். சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வைத்தியம் மட்டும் எடுத்தவர்களுக்குச் சாகும் அபாயம் இரண்டரை மடங்கு. பெருங்குடலில் நாலரை மடங்குக்கும் மேல். கூடவே செய்வது வேறு, பதிலாகச் செய்வது வேறு. மூச்சுப் பயிற்சி செய்கிறேன், சாயங்காலம் அம்மா தேவாரம் படிக்க உட்கார்ந்து கேட்கிறேன், தூக்கம் கொஞ்சம் வருகிறது. இதையெல்லாம் டாக்டரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செடியில் மருந்தே இல்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. வாசலில் நிற்கும் நித்தியகல்யாணி இருக்கிறதே, சுடுகாட்டு மல்லி என்று ஆச்சி வீட்டுக்குள் விடமாட்டாளே, அதன் இலை 1952இல் ஜமைக்காவிலிருந்து ஒன்டாரியோவுக்குப் போயிருக்கிறது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அதைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்களாம். உன் டொரன்டோவிலிருந்து இரண்டு மணி நேர தூரத்தில் லண்டன் என்று ஒரு ஊர் இருக்கிறதல்லவா, அங்கே நோபிள், பீர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பார்த்தால், சர்க்கரை இறங்கவில்லை, எலியின் வெள்ளணு இறங்குகிறது. 1958இல் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியின் இன்னொரு மருந்துதான் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் ஏறுகிறது. வேலை செய்யும் பொருளை மட்டும் பிரித்து, அளந்து, ஊசியில் ஏற்றுகிறார்கள். அளவு கொஞ்சம் கூடினால் நரம்பு போய்விடும். இலையைப் பறித்து மென்றால் என்ன ஆகும் என்று நீயே பார்த்துக்கொள்.

சரி, நீ அங்கிருந்து அனுப்பியதில் உண்மையிலேயே உபயோகப்படுவது ஒன்று உண்டு, அது பெட்டியில் வரவில்லை. உங்கள் கனடாக்காரர்கள் முன்னின்று நடத்திய ஆராய்ச்சி, 2025 ஜூனில் வெளிவந்தது. என்னைப் போல் குடலில் கேன்சர் வந்து, ஆபரேஷனும் கீமோவும் முடித்துவிட்ட 889 பேர். பாதிப் பேருக்கு உடற்பயிற்சிப் புத்தகம் மட்டும், பாதிப் பேருக்கு மூன்று வருடம் ஆள் வைத்துப் பயிற்சி. எட்டு வருடத்தில் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்களில் எண்பத்துமூன்று. வாரம் மூன்று நாலு நாள் வேகமாக முக்கால் மணி நேரம் நடந்தால் அந்த அளவுக்கு வந்துவிடுமாம். இப்போது வடசேரியிலிருந்து நாகராஜா கோவில் வரை போய்வரவே நான் இரண்டு இடத்தில் உட்காருகிறேன். இன்னும் மூன்று கீமோ இருக்கிறது. அது முடியட்டும். தினம் எவ்வளவு நடந்தேன் என்று உனக்கு மெசேஜ் போடுகிறேன், நீ விடாமல் கேள்.

இனி உனக்கு ஒரு வேலை. உனக்கு ஆவணியில் 39 நடக்கும். அப்பாவுக்கு வந்துவிட்டதால், 40 வயதிலேயே உனக்குக் குடலில் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று என் டாக்டர் சொல்லிவிட்டார். இந்தக் கட்டி பல வருடம் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சியாகத்தான் இருக்கும், அப்போதே கண்டால் பார்க்கும்போதே எடுத்துவிடலாம். ஆபரேஷனும் இல்லை, கீமோவும் இல்லை. உன் குடும்ப டாக்டரிடம் என் ரிப்போர்ட்டைக் காட்டு, நகல் வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறேன். தம்பியிடமும் இதையே சொல்லியிருக்கிறேன். நடுவில் ரத்தம் கண்டால் மூலம் என்று நீயாக நினைத்துக்கொள்ளாதே, அன்றைக்கே போ.

நாள் குறித்ததும் சொல். முந்தின நாள் குடலைச் சுத்தப்படுத்த மருந்து கலந்த தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், வாயில் வைக்க முடியாது, அம்மா எனக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்து முகர்ந்து குடிக்கச் சொன்னாள். அன்றைக்கு உன் பகல் எனக்கு நடுராத்திரி. பரவாயில்லை, நான் முழித்திருக்கிறேன். குடித்து முடிக்கும்வரை வீடியோவில் கூட இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா