சுதாவுக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள சுதாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ராஜி கல்யாணப் படங்களைப் பிரபா அனுப்பியிருந்தான். மாம்பழ நிறப் புடவை உனக்கு அவ்வளவு பொருத்தம். பெரியத்தைக்கு நீ வணக்கம் சொல்லும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

டெல்லியில் குளிர் தொடங்கியிருக்கும். கையுறை இல்லாமல் குளிர்சாதனப் பெட்டிக்குள் கை விடாதே. விரல் வெளுத்த பிறகு சூடேற்றுவதைவிட வெளுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நல்லது.

தோலை இறுக்கும் இந்த ஸ்கிளீரோடெர்மாவுக்காகச் சொல்லித்தந்த கைப் பயிற்சி நடக்கிறதா? வேலூரில் அந்த பிசியோதெரபிப் பெண் உன் விரல்களைப் பிடித்துக் காட்டியது அப்படியே கண்ணில் நிற்கிறது. அடி முட்டியில் மடக்கு, நடுக்கணுவை நிமிர்த்து, கட்டைவிரலை நன்றாக விலக்கி விரி. மேசைமேல் உள்ளங்கையைப் பரப்பி, மற்றக் கையால் மெல்ல அழுத்திப் பத்து எண்ணு. தோல் இழுபடுவது தெரிய வேண்டும், வலி தாங்காமல் போகக் கூடாது. இந்த நோயில் கொலாஜன் என்ற புரதம் அளவுக்கு மீறிச் சேர்ந்துதான் தோல் தடிக்கிறது. அதற்கு மருந்து இருக்கிறது, அதை நிறுத்திவிடாதே. ஆனால் மூட்டை உனக்காக எந்த மாத்திரையும் அசைத்துக் கொடுக்காது. மடங்கி இறுகிப்போன விரலைத் திரும்ப நிமிர்த்துவது பெரும்பாடு என்றுதான் தினமும் செய்யச் சொன்னார்கள். வேலை அதிகம் என்பாய். பல் தேய்க்க நேரம் இருக்கிறதல்லவா?

கை குவித்தால் உள்ளங்கைகள் இடைவெளியில்லாமல் ஒட்டுகின்றனவா என்று டாக்டர் பார்ப்பாரே, அதை நீயே கண்ணாடி முன் பார்த்துக்கொள்ளலாம். பார்த்துவிட்டு என்னிடம் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை.

வாய்க்கும் செய்ய வேண்டும். வலக் கட்டைவிரலை இடது கடைவாயிலும், இடதை வலது கடைவாயிலும் வைத்து வெளிப்பக்கமாக இழு. வாய் சுருங்கினால் சாப்பிடுவது மட்டுமில்லை, பல் டாக்டர் பார்ப்பதும் சிரமம். முன்பெல்லாம் நீ முழுப் பணியாரத்தை ஒரே வாயில் போட்டு ஆச்சியிடம் திட்டு வாங்குவாய். வீடியோவில் பேசினால் உன் முகத்தையாவது பார்க்கலாம். நெட் சரியில்லை என்கிறாய், சரி.

இதமான சூடுள்ள மெழுகில் கையை முக்கி எடுத்தபின் பயிற்சி செய்தால் விரல்கள் இளகிக்கொடுக்கும். விரல் நுனியில் புண் இருந்தால் மெழுகு வேண்டாம். முதலில் டாக்டரிடம் காட்டு. புண் இருக்கிறதா, சுதா?

நடப்பதை விட்டுவிடாதே. நடந்துகொண்டே பேச முடிகிற வேகம் போதும். புதிதாக மூச்சு வாங்கினால் வயதாகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் நுரையீரலையும் இதயத்தையும் பரிசோதித்துக்கொள். குளிர்ந்த விரலில், ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினால் அளவு தப்பாகக் காட்டலாம். காது மடலிலோ நெற்றியிலோ பார்க்கச் சொல். சாப்பிட்டவுடன் குனியும் ஆசனம் எதுவும் செய்யாதே, நெஞ்சில் எதுக்களிக்கும்.

உன் பெரியப்பா இன்னமும் “பெண்ணை ஓய்வெடுக்கச் சொல்” என்கிறார். அசையாமல் படுக்க வைப்பதற்கா உன்னை வளர்த்தோம்? ஓவியர் பால் க்ளீக்கும் இதே நோய்தான் இருந்திருக்கும் என்று நீதானே சொன்னாய்? 1940இல் அவர் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள். அதைச் சொன்னபோது உன் குரலில் இருந்த உற்சாகத்தை அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். மகள் கட்டட வரைபடம் போடுகிறாள் என்று இன்றைக்கும் தபால்காரர்வரை சொல்கிறார். அப்படிப்பட்டவள் இப்போது தட்டச்சு செய்யாமல் குரல்செய்தி மட்டும் அனுப்புகிறாய். கை பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாய். எங்களிடம் மறைத்து யாரைக் காப்பாற்றுகிறாய்?

தை பிறந்ததும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வருகிறோம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, வேண்டாம் என்று சொல்லாதே. காலையில் நீ பயிற்சி செய்யும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிறேன். என் விரல்களும் இப்போதெல்லாம் பிடித்துக்கொள்கின்றன. மெழுகு உருக்கும் பாத்திரம் அங்கே இருக்கிறதா, இங்கிருந்து எடுத்து வரட்டுமா? அதற்காவது பதில் எழுது.

அன்புடன்,
அம்மா