சரக்கு அனுப்புகிறவனுக்கும் ஓர் அலுவலகம் வேண்டும்

தமிழ்நாடு அரசின் தொழில் துறைச் செயலருக்கும், சிறு, குறு, நடுத்தரத் தொழில் துறைச் செயலருக்கும்,

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவைக் கழுவிக் காயவைத்து, 5 கிலோ கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதி செய்யும் சிறு தொழில்காரன் நான். வெளிநாட்டு வணிகத்துக்கென்றே மாநில அரசு தனி அலுவலகம் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இருக்கிற அலுவலகங்கள் போதாதா என்பீர்கள். 1992-இல் தொடங்கிய மாநில அரசின் கைடன்ஸ் நிறுவனம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது முதலீட்டை இங்கே கொண்டுவருவதற்கானது. சிறு தொழில்களுக்கு உதவும் மாநில அரசின் ஃபேம் டிஎன் அமைப்புக்கு ஏற்றுமதி பல வேலைகளில் ஒன்று. கயிறு வாரியத்தின் தலைமையகமோ கொச்சியில். அயல்நாட்டு வணிகம் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறதே என்ற பதிலும் வரும். சரி, வரியைக் குறைக்கவோ ஒப்பந்தம் போடவோ உங்களால் முடியாது. ஆனால் வெளிநாட்டில் எங்களுக்காக ஓர் ஆள் வைப்பதை யார் தடுத்தார்கள்? ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் ஒரு மாநிலம்தான். பெங்களூரில் அதற்கு வணிக அலுவலகம் இருக்கிறது. ஜப்பானின் வணிக வளர்ச்சி அமைப்பான ஜெட்ரோவும் அதுபோன்ற கொரிய அமைப்பான கோட்ராவும் சென்னையில் உட்கார்ந்து தங்கள் நாட்டு நிறுவனங்களுக்கு உதவுகின்றன. பொள்ளாச்சிக்காக நெதர்லாந்தின் துறைமுக நகரான ராட்டர்டாமில் உட்கார்ந்திருப்பவர் யார்?

ஆள் எதற்கு என்றால், சொல்கிறேன். நெதர்லாந்து பையர் ஒருவர் எங்கள் பித்தில் (நார்க்கழிவைத் தொழிலில் பித் என்போம்) உப்பு அதிகம் என்று பணத்தை நிறுத்திவைத்தார். இங்கே ஆய்வகம் கொடுத்த அறிக்கையில் இசி அளவு, அதாவது உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் அளவு, சரியாகத்தான் இருந்தது. விசாரித்தபோதுதான் புரிந்தது: இங்கே ஒரு பங்கு பித்துக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து அளந்திருக்கிறார்கள்; அங்கே ஒன்றரைப் பங்கு. தண்ணீர் குறைந்தால் அதே பித் கூடுதல் இசி காட்டும். இரண்டு அறிக்கையும் உண்மை! அந்த ஊரில் நம் ஆள் ஒருவர் இருந்திருந்தால் ஒரு போனில் முடிந்திருக்கும். கடைசியில் விலையைக் குறைத்துத்தான் பணம் வாங்கினோம். பெரிய கம்பெனிகளுக்கு அங்கேயே கிடங்கும் ஆட்களும் உண்டு. எங்களுக்குத் தெரிந்தது கிளியரிங் ஏஜென்ட் மட்டும். தூத்துக்குடியில் கன்டெய்னர் கப்பலேறியதும் அவர் வேலை முடிந்துவிடும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். வேறு சந்தைக்குப் போங்கள் என்று ஆளாளுக்கு அறிவுரை சொன்னார்கள். எந்த நாட்டுக்கு, யாரிடம், என்ன சான்றிதழோடு போவது என்று சொல்லத்தான் ஆளில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே முதலும், ஆஸ்திரேலியாவோடு அதே ஆண்டு டிசம்பர் முதலும் வணிக ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. ஆனால் சரக்கு இந்தியாவில் உருவானது என்று காட்டும், அந்தந்த ஒப்பந்தத்துக்கு உரிய பூர்விகச் சான்றை இணைத்தால்தான் வரிச்சலுகை. இதை ஒரு சின்ன யூனிட்காரருக்கு அவர் இடத்துக்கே வந்து சொல்லித்தருவது மாநில அரசுக்கு எட்டாத வேலையா?

அதனால் சென்னையில் இன்னொரு கண்ணாடிக் கட்டடம் வேண்டாம். பொள்ளாச்சி, கரூர், ஆம்பூர், நாமக்கல் போன்ற ஊர்களில் இரண்டிரண்டு பேர் போதும். வெளியே முதலில் ராட்டர்டாமிலும் துபாயிலும் ஆள் வையுங்கள். அதற்கு டெல்லியில் பேச வேண்டியிருக்கும், பேசுங்கள். தொழில் பிடிபடுவதற்குள் மாற்றலாகிப் போகிற அதிகாரிகளைப் போடாமல், ஏற்றுமதியில் கை பழகியவர்களை ஒப்பந்தத்தில் எடுங்கள். வருடக் கடைசியில் எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று அவர்களிடம் கேட்காதீர்கள். முதன்முதலாகக் கன்டெய்னர் அனுப்பியவர்களில் எத்தனை பேர் அதே பையருக்கு இரண்டாவதும் அனுப்பினார்கள் என்று கேளுங்கள்.

செலவுதான் பிரச்சினை என்றால் கட்டணம் வையுங்கள், கொடுக்கிறோம். சரக்குக்குப் பணம் வந்த பிறகு வசூலித்தால் நல்லது.

இப்படிக்கு,
பொள்ளாச்சியிலிருந்து ஒரு சிறு ஏற்றுமதியாளர்