சிறுவர் காஸ்பரில்லா நாளும் மாலை ஆறரை மணியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் தமிழ்ப் பள்ளியில் பருவம் பாதி தாண்டிவிட்டது. பொங்கல் விழா நல்லபடியாக நடந்தது. அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் திருத்தியாகிவிட்டன, எல்லா நிலைகளிலும் முன்னேற்றம் தெரிகிறது. குறள் ஒப்பித்தலில் கலந்துகொண்ட எல்லோருக்கும் வாழ்த்துகள். புதிதாகச் சேர்ந்த குடும்பங்களுக்கு நல்வரவு. மதிப்பெண் அட்டையை அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடமே கொடுத்தனுப்புகிறோம்.

சரி, சிறுவர் காஸ்பரில்லாவுக்குப் போய்வந்த சனிக்கிழமைக்கு வருகிறேன்.

புளோரிடாவில் இருக்கும் நம் டாம்பாவில் ஜனவரி என்றால், பொங்கல் முடிந்த கையோடு காஸ்பரில்லா விழாவுக்காக ஊரே கடற்கொள்ளையர் வேடம் கட்டிக்கொள்கிறது. பிள்ளைகள் இதைப் பற்றி நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். தமிழிலும் பேசட்டும் என்று மூன்று வாரம் வகுப்பில் பாடமாகவே எடுத்தோம். பாய்மரம், நங்கூரம், கலம், துறைமுகம் எல்லாம் இப்போது அவர்கள் வாயில் சரளமாக வருகின்றன. 1904-ல் முதல் விழா நடந்தபோது 'கொள்ளையர்கள்' ஊருக்குள் வந்தது கப்பலில் இல்லை, குதிரையில் என்று சொன்னதும் ஒரே சிரிப்பு. பெரியவர்களுக்கான பெரிய விழாவன்று வரும் கப்பல் 1954-ல் கட்டப்பட்டது. 165 அடி நீளம், மூன்று பாய்மரங்கள். ஆனால் அதற்கென்று எஞ்சின் கிடையாது, இழுவைப் படகுகள்தான் இழுத்து வருகின்றன. "அப்போ நம்ம ஊர் தேர் மாதிரியா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். போன கோடையில் தாத்தா ஊரில் வடம் பிடித்தவளாம். அதைவிட நன்றாக எங்களால் விளக்கியிருக்க முடியாது.

விழாவுக்குப் பெயர் தந்த கடற்கொள்ளையன் ஹோசே காஸ்பர் என்ற ஆளே இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னோம். 1821-ல் பிடிபடும் நேரத்தில் நங்கூரச் சங்கிலியை உடம்பில் சுற்றிக்கொண்டு கடலில் குதித்தான் என்பது கதை. அந்தக் கதையை அச்சில் பரப்பியது, தன் ஓட்டலுக்கு ஆள் சேர்க்க ஒரு ரயில் கம்பெனி போட்ட விளம்பரப் புத்தகம். சின்னவர்கள் சிலருக்கு முகம் வாடிவிட்டது. கதை என்று தெரிந்துகொண்டே ஆசையாய்க் கொண்டாடலாம் என்று ஆசிரியை சமாதானம் சொன்னார்.

சிறுவர் ஊர்வலத்தில் மது கிடையாது என்பதால்தான் பெரிய விழாவை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தோம். 46 பிள்ளைகள், 9 தன்னார்வலர்கள். தலையில் சிவப்புத் துணி, அட்டைக் கத்தி, ஒரு கண்ணுக்குக் கறுப்பு மறைப்பு, கண்மையால் வரைந்த மீசை. பேஷோர் சாலையில் வளைகுடாவை ஒட்டி வரிசையாக உட்கார்ந்து, ஊர்வலத்தில் வருகிறவர்கள் வீசிய மணிமாலைகளைப் பிடித்தார்கள். தண்ணீருக்குள் விழும் மணிமாலைகளை முக்குளிப்பவர்கள் இறங்கி எடுக்க வேண்டியிருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்ததால், நம் பிள்ளைகள் ஒருவர்கூட ஒன்றையும் தண்ணீர்ப் பக்கம் வீசவில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பேருந்து 6:20-க்குப் பள்ளி வளாகத்துக்குத் திரும்பிவிட்டது. அழைத்துப்போகும் நேரம் 6:30 என்று ஒப்புதல் படிவத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் எழுதியிருந்தோம். 6:45-க்கு 19 பிள்ளைகள் காத்திருந்தார்கள். 7:15-க்கு 11 பேர். கடைசிப் பிள்ளை கிளம்பும்போது மணி 8:10.

காரணங்கள் எனக்குப் புரியாமல் இல்லை. நீங்களும் ஊர்வலம் பார்க்க வந்திருந்தீர்கள். பேஷோரையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் அடைத்திருந்தார்கள். காரை எடுப்பதற்கே முக்கால் மணி நேரம் ஆனதாகச் சிலர் சொன்னீர்கள். வாணவேடிக்கை முடிந்துதான் பேருந்து திரும்பும் என்று சிலர் நினைத்திருக்கிறீர்கள். அந்தக் குழப்பத்தில் எங்கள் பங்கும் உண்டு. வாணவேடிக்கைக்கு நிற்கமாட்டோம் என்பதைப் படிவத்தில் தனியாக எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அன்று அங்கே என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரியவேண்டும். நாம் வாடகைக்கு எடுத்திருக்கும் கட்டடத்தை 7 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் பிள்ளைகளை வண்டி நிறுத்துமிடத்தில்தான் உட்கார வைத்தோம். இருட்டிவிட்டது, குளிர் வேறு. எல்லோரும் மெல்லிய வேடத் துணியில் இருந்தார்கள். முதல் நிலைப் பையன் ஒருவன் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து மடியில் இருந்த மணிமாலைகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கார் வெளிச்சம் திரும்பும்போதும் எழுந்து நிற்பான், நம் கார் இல்லை என்று தெரிந்ததும் உட்காருவான். மீசை கன்னம் வரை அழிந்திருந்தது. அழவில்லை. "அப்பா மெசேஜ் பண்ணிட்டாங்கல்ல, மிஸ்?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டான். 'வந்துகொண்டே இருக்கிறோம்' என்ற செய்தி எங்களுக்கு 6:40-க்கே வந்துவிட்டது. அவன் காரில் ஏறியது 7:50-க்கு.

இன்னொன்றும் நடந்தது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. அந்த நெரிசலில் ஒரு பிள்ளையை, தெரிந்த குடும்பத்தினர் எங்களிடம் சொல்லாமல் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உதவி செய்யும் நல்லெண்ணம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் எண்ணும்போது ஒரு தலை குறைந்தது. எல்லாத் தலையிலும் அதே சிவப்புத் துணி, எல்லா முகத்திலும் அதே கறுப்பு மறைப்பு. யார் இல்லை என்று கண்டுபிடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. அடுத்த பத்து நிமிடம் நான்கு ஆசிரியர்கள் கட்டடத்தைச் சுற்றிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள். போலீசைக் கூப்பிட நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் அந்தக் குடும்பத்திடமிருந்து அழைப்பு வந்தது.

ஆகவே இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். இனி எந்த வெளிப்பயணத்திலும் கையெழுத்து இல்லாமல் எந்தப் பிள்ளையும் வளாகத்தை விட்டுப் போகாது. சொந்த அத்தையோ மாமாவோ வந்தாலும், படிவத்தில் பெயர் இல்லையென்றால் அனுப்பமாட்டோம். நேரத்துக்கு வர முடியாதவர்கள், வரக்கூடிய இன்னொருவரின் பெயரையும் எண்ணையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் அரை மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால், அந்தப் பிள்ளையை அடுத்த பயணத்தில் சேர்க்க முடியாது. பெற்றோரின் தாமதத்துக்குப் பிள்ளைக்குத் தண்டனையா என்று கேட்பீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நம் ஆசிரியர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு வார இறுதியையும் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். அன்று 8:10 வரை நின்ற ஆசிரியை வீட்டில் எட்டு மாதக் குழந்தை. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் சரியான நேரத்துக்கு வந்தவர்கள். தங்கள் பிள்ளையை ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பிவிடாமல், மற்றப் பிள்ளைகளுக்குத் துணையாகக் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்ற மூன்று குடும்பங்களை நான் மறக்கமாட்டேன். தாமதமாக வந்தவர்களில் பலர் மறுநாளே போன் செய்து வருத்தம் தெரிவித்தீர்கள். அது மனதுக்கு ஆறுதலாக இருந்தது, அந்த விஷயம் அதோடு முடிந்தது.

ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி ஒருவர் தன் பழைய சிவப்புச் சுங்குடிச் சேலையைக் கிழித்து, 46 தலைக்கும் துணி தைத்துக் கொடுத்தார். அவருக்குப் பிள்ளைகள் கைப்பட எழுதிய நன்றி அட்டை தயாராகிறது. விடியற்காலையில் எழுந்து எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்த பெற்றோருக்கும், அட்டைக் கத்திகளுக்கு அலுமினியத் தாள் சுற்றிய அப்பாக்களுக்கும், நாள் முழுக்க வெயிலில் நின்ற தன்னார்வலர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

புதிய ஒப்புதல் படிவம் இத்துடன் இருக்கிறது. அழைத்துப்போகிறவர்களின் பெயர்களை நிரப்பி அடுத்த ஞாயிறு வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டில் சேர்ந்திருக்கும் மணிமாலைகளையும் அன்றே கொண்டு வாருங்கள், சின்னவர்கள் அவற்றை வைத்து எண்கள் படிக்கப் போகிறார்கள். இரண்டு அட்டைக் கத்திகள், ஒரு தொப்பி, வலது காலுக்கான ஒரு நீலச் செருப்பு ஆகியவை என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

அன்புடன்,
தலைமையாசிரியை